பின்பகுதிக்குத் தனி வழி இல்லை

இறந்தவர்களின் வீடுகளுக்கு மதிப்புப் போடுவது அவருடைய தொழில். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகள் பங்கு பிரிக்க உட்காருவார்கள். வீடு என்ன பெறும் என்ற பேச்சு வந்ததும் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். அண்ணன் சொல்வதைத் தம்பி நம்ப மாட்டான். தம்பி சொல்வதைக் கேட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேச்சு தடித்துக்கொண்டே போகும்போது வக்கீல் கையைத் தூக்கி, "டேப்பக்காவக் கூப்பிடுவோம். அவங்க என்ன போடறாங்களோ அதான்" என்பார்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, தோளில் துணிப்பையும் இடுப்பில் வட்டமான இரும்பு டேப்பும் தொங்க, ஐம்பத்தேழு வயதுப் பெண்மணி ஒருவர் வாசலில் வந்து நிற்பார். லேசர் கருவியும் பையில் உண்டு. வெயிலில் அதன் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் வெளியே அளக்க டேப்புதான். சொந்தப் பெயரைச் சொன்னால் வக்கீல் ஆபீஸ் எதிலும் யாருக்கும் தெரியாது. டேப்பக்கா என்றால் தெரியும்.

உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "என்னிக்குத் தவறினாங்க?" துக்கம் விசாரிக்கிறார் என்று நினைத்துச் சிலர் கண் கலங்கிவிடுவார்கள். அவரோ பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். ஆள் இறந்த அந்த நாளில் வீடு என்ன பெற்றிருக்கும் என்பதுதான் கணக்கு. இன்றைய விலை யாருக்கும் வேண்டாம். தேதியை எழுதிக்கொண்ட பிறகே, "வருத்தமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்வார். அதையும் மனதாரத்தான் சொல்வார், ஆனால் சொல்லும்போதே கண் கூரையின் ஈரக்கறையில் இருக்கும்.

பிறகு அளக்கத் தொடங்குவார், வாரிசுகள் பின்னாலேயே வருவார்கள். வீட்டை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பங்கைக் கொடுக்க நினைப்பவர் விரிசல்களாகப் பார்த்துக் காட்டுவார். பங்கைப் பணமாக வாங்கிக்கொண்டு போக நினைப்பவர் கதவு நிலையைத் தட்டித் தட்டிக் காட்டுவார். ஒரு வீட்டில் ஒரே ஜன்னலை அண்ணன் திறக்க முடியாமல் திண்டாடிக் காட்டினார்; தம்பி வந்து அதையே ஒற்றை விரலால் திறந்து காட்டினார். டேப்பக்கா இரண்டு பேரையும் பார்க்காமல் ஜன்னலின் அகலத்தை எழுதிக்கொண்டார். அளந்து முடிக்கும்வரை தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். தண்ணீர் கொடுப்பவர் கூடவே கதையும் கொடுப்பார் என்பது அவருக்குத் தெரியும். "வாய் சொல்றத நான் எழுத மாட்டேன். டேப்பு சொல்றதும் பத்திரம் சொல்றதும்தான்" என்று எல்லா வீட்டிலும் சொல்லிவைப்பார். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அவருக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. அப்பா மின்கம்பம் நடும் வேலையில் மேஸ்திரி; கம்பம் போன வழியெல்லாம் குடும்பமும் போயிற்று. பதினெட்டு வயதுக்குள் பதினான்கு வாடகை வீடு. ஒவ்வொரு புது வீட்டிலும் சாமான் இறங்கும் முன்பே அந்தச் சிறுமி அடிமேல் அடி வைத்து அறைகளை அளந்து, தன் பாய் எந்த மூலையில் அடங்கும் என்று கண்டுபிடித்துவிடுவாள். பின்னாளில் ஒரு கட்டட இன்ஜினியரிடம் பிளான் வரைகிறவளாகப் பன்னிரண்டு வருடம் வேலை. அந்த ஆபீஸை மூடியபோது, பங்குத் தகராறு ஒன்றுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்க ஒரு வக்கீல் கூப்பிட்டார். போனார், அளந்தார், யாரோடும் பேசாமல் திரும்பினார். பேசாததாலேயே இரண்டு தரப்பும் அவரை நம்பியது. முப்பத்தாறாவது வயதில் பரீட்சை எழுதி மதிப்பீட்டாளர் உரிமம் வாங்கிய பிறகு, பாங்க் கடனுக்கு அளக்கும் வீடுகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு வீடு, சில நாள் மூன்று வீடு என்று கால் தரையில் பாவாத ஓட்டம்.

அவருடைய கணவர் நேர் எதிர். பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். வண்டிகளையெல்லாம் ஓட விட்டுவிட்டு முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். "நீ படுத்தா கட்டிலுக்கும் சேத்துத் தூக்கம் போயிடுது" என்பார். டேப்பக்கா சிரித்துக்கொண்டே எழுந்து போய் அடுப்படி அலமாரியை இடம் மாற்றி வைப்பார்.

இந்த ஓட்டத்தில்தான் அந்த மருந்துக்கடைக்காரர் வீடு வந்தது.

மருந்துக்கடைக்காரர் எண்பத்திரண்டு வயதில் இறந்திருந்தார். ஒரே மகன். வீட்டை விற்றுவிட்டு, தான் வேலை பார்க்கும் ஊருக்கே போய்விட நினைத்தார். தகராறு ஒன்றும் கிடையாது. வாரிசுக் கணக்கு முடிக்க ஒரு மதிப்பீடு வேண்டும், அவ்வளவுதான். காலை பத்து மணிக்குத் தெருமுனையில் இறங்கியபோதுதான் டேப்பக்காவுக்கு நினைவு வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே தெருவுக்கு வந்திருக்கிறார். மருந்துக்கடைக்காரர் வீட்டை ஒட்டிய மஞ்சள் வீடு. அண்ணன், தங்கை இரண்டே பேர். அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் வீட்டை வைத்துக்கொண்டார், தங்கை பங்கை வாங்கிக்கொண்டு போனாள். எந்தச் சத்தமும் இல்லாமல் முடிந்த வேலைகளில் அதுவும் ஒன்று.

முன்பக்கம், அறைகள், மாடி எல்லாம் அளந்தாயிற்று. தோட்டத்துக்கு வந்து, பின்தெருவை ஒட்டிய பக்கத்தில் டேப்பை இழுத்தார். பத்திரத்தில் நாற்பத்திரண்டு அடி. டேப்பில் ஐம்பத்தொன்று.

டேப்பைச் சுருட்டி மறுபடி இழுத்தார். ஐம்பத்தொன்றுதான்.

"கூடத்தானே இருக்கு? குறைஞ்சாத்தானே கவலை?" என்றார் மகன்.

"கூட இருந்தாலும் கவலைதான். உங்களோடது இல்லன்னா வேற யாரோடதோ."

அந்தக் கூடுதல் ஒன்பது அடி தோட்டத்தின் ஓரத்தில் நீளமாக ஓடியது. ஒரு பக்கம் தோட்டத்துச் செடிவேலி, மறுபக்கம் வேறு யாருடையதோ ஒரு கிடங்கின் நெடுஞ்சுவர். நடுவில் பழைய மரச்சட்டங்களும் கண்ணாடி உடைந்த மருந்து அலமாரிகளும் அடுக்கிக் கிடந்த ஒரு சந்து. ஒரு முனையில் பின்தெருவைப் பார்த்துத் தகரக் கதவு, துருப்பிடித்த பூட்டு. மறுமுனை எங்கே போகிறது என்று சட்டங்களைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பார்த்தார். கொடி மண்டிய ஒரு மரக்கதவு. அதன் இடுக்கு வழியே மஞ்சள் வீட்டின் கொல்லை தெரிந்தது.

"இது எப்பவும் நாங்க சாமான் போடற இடம்தான். அப்பா காலத்துல இருந்தே" என்றார் மகன். டேப்பக்கா அன்றைக்கு முதல் தடவையாக அளந்து முடிக்கும் முன்பே தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணில் கோப்புகளைத் தேடினார். இதுவரை பார்த்த வாரிசு வீடுகளின் கோப்புகள் மட்டும் நானூற்றுச் சொச்சம், வருட வாரியாகக் கட்டி வைத்திருந்தார். மஞ்சள் வீட்டுக் கோப்பு கிடைத்தது. பத்திரத்தின் நகல், அதற்குப் பின்னால் சர்வே வரைபடம். வரைபடத்தின் முதல் தாளில் வீடும் கொல்லையும் இருந்தன. இரண்டாம் தாள் நான்காக மடித்தபடி குண்டூசி குத்தப்பட்டு இருந்தது. ஊசியின் துரு நான்கு மடிப்பிலும் ஒரே இடத்தில் பழுப்பாகப் படிந்திருந்தது. ஒன்பது வருடத்தில் அந்தத் தாளை யாருமே பிரித்ததில்லை.

பிரித்தார். கொல்லையின் மூலையிலிருந்து பின்தெருவரை ஒன்பது அடி அகலத்தில் ஒரு வழி, மஞ்சள் வீட்டின் எண்ணிலேயே, கோடு போட்டுக் காட்டியிருந்தது.

அவருடைய அறிக்கையின் ஆறாம் பக்கத்தில், அவருடைய கையெழுத்துக்கு மேலே, இப்படி ஒரு வரி: "பின்பகுதிக்குத் தனி வழி இல்லாததால் மனையை இரண்டாகப் பிரிக்க இயலாது."

அன்றைய நாள் கண்முன்னால் வந்து நின்றது. மழை. அன்று மூன்று வீடு, அது இரண்டாவது. கொல்லையில் அந்தக் கொடிமண்டிய கதவைக் காட்டி, "அங்கிட்டு என்ன?" என்று கேட்டார். "அது பக்கத்து வீட்டுக்காரங்களோடது" என்றார் அண்ணன். டேப்பக்கா அதை அப்படியே எழுதிக்கொண்டார். வாய் சொல்வதை எழுத மாட்டேன் என்று எல்லா வீட்டிலும் சொல்பவர், அன்றைக்கு அந்த ஒரு வாயை எழுதினார்.

அதைவிட மோசமான இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தங்கை குடையோடு கொல்லைக்கு வந்து நின்றாள். கடைசி நான்கு வருடம் அப்பாவைக் கூட இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். "மேடம், இந்தப் பின்பக்கம் பாதிய எனக்குத் தனியாக் குடுக்க முடியுமான்னு பாருங்க. ஒரே ஒரு ரூம் கட்டிக்கிட்டாப் போதும் எனக்கு" என்றாள். பார்த்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, பார்க்காமல் எழுதினார்.

அதற்குப் பிறகு பத்து நாள் டேப்பக்கா நடந்துகொண்டே இருந்தார். வீட்டுக்குள் நடந்தார். மொட்டை மாடியில் நடந்தார். வேலைக்குப் போன வீடுகளில் ஒரே சுவரை நான்கு முறை அளந்தார். கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "யார்கிட்டயாவது சொன்னாத்தான் உன் கால் நிக்கும். மொதல்ல எங்கிட்ட சொல்லு" என்றார். சொன்னார். கேட்டு முடித்ததும் அவர், "வக்கீலக் கேளு" என்றார்.

வழக்கமாக வேலை தரும் வக்கீல் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "யாராவது புகார் குடுத்தாங்களா?"

"இல்ல."

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்பறம் என்னக்கா? அந்தம்மா பங்க விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்து ஒன்பது வருஷம் ஆச்சு. கோர்ட்டுக்குப் போனாலும் நிக்காது. நீங்களாப் போய்ச் சொன்னா உரிமத்துக்குத்தான் ஆபத்து. மருந்துக்கடைக்காரர் ரிப்போர்ட்ல நாப்பத்திரண்டு அடின்னு சரியா எழுதிட்டு விடுங்க. அந்தச் சந்து யாருதுன்னு கேக்கறவங்க கேக்கட்டும்."

அவர் சொன்னதில் சட்டப்படி பிழை எதுவும் இல்லை. டேப்பக்கா படியிறங்கி வந்து, தன் பஸ் வந்தும் ஏறாமல், அடுத்ததிலும் ஏறாமல், நான்கு நிறுத்தம் நடந்தே போனார்.

தங்கையைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. பழைய முகவரி ஒரு டயர் கடையின் மாடி, அங்கே இல்லை. அங்கிருந்தவர் சொன்ன இடத்திலும் இல்லை. மூன்றாவது வீட்டுக்காரர், "அவங்களா? கார் ஓட்டச் சொல்லித் தர்றாங்களே, ரவுண்டானா பக்கத்துல" என்றார். டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் செய்தால் எடுத்த பெண், "நேர்ல பேசணும்னா அவங்களுக்கு நேரமே இல்லை மேடம். காலைல இருந்து க்ளாஸ்தான். ஏழரை ஸ்லாட் ஒண்ணு காலியா இருக்கு, சேந்துக்கறீங்களா?" என்றாள்.

டேப்பக்கா சேர்ந்துகொண்டார்.

காலை ஏழரைக்கு வெள்ளைக் கார் வந்து நின்றது. தங்கைக்கு இப்போது நாற்பத்தைந்து இருக்கும். சட்டைக் கையை முழங்கைவரை மடித்து விட்டிருந்தாள். அவசரமே இல்லாத குரல். டேப்பக்காவை அடையாளம் தெரிந்ததாகத் தெரியவில்லை.

"முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?"

"இல்ல."

"ஸ்கூட்டர்? சைக்கிள்?"

"அதுவும் இல்ல."

"அப்ப நல்லதாப் போச்சு. கெட்ட பழக்கம் ஒண்ணும் இருக்காது. உக்காருங்க. பயப்படாதீங்க, எங்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு."

மைதானத்தைச் சுற்றிய சாலையில் கார் நான்கு முறை குலுங்கி நின்றது. ஐந்தாவது முறை நின்றபோது டேப்பக்கா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நான் கத்துக்க வரலம்மா."

"எல்லாரும் மொத நாள் அப்படித்தான் சொல்வாங்க."

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி உங்க அப்பா வீட்ட அளக்க வந்தவ நான்."

தங்கை கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள். டேப்பக்கா அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னார். சந்து, இரண்டாம் தாள், ஆறாம் பக்கம், அண்ணன் சொன்னது, தான் எழுதியது. ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். எதிரே வேறொரு டிரைவிங் ஸ்கூல் கார் தள்ளாடிக்கொண்டு போயிற்று.

"மறுபடி சொல்லுங்க" என்றாள் தங்கை.

மறுபடி சொன்னார்.

"அந்தச் சந்து எங்களுதா?"

"உங்களோடதுதான். பத்திரத்துல இருக்கு. நான் பிரிக்காத தாள்ல இருக்கு."

"நான் கேட்டேனே. குடையப் பிடிச்சுக்கிட்டு நின்னு கேட்டேன்."

"கேட்டீங்க."

"நீங்க என் மூஞ்சியக்கூடப் பாக்கல. வாட்ச்சப் பாத்தீங்க. அது எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. அப்ப என்ன நெனச்சீங்க?"

டேப்பக்காவுக்கு வேறு ஏதாவது சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "மூணாவது வீட்டுக்கு லேட்டாச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

தங்கை முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஒன்பது வருஷத்துல அஞ்சு வீடு மாறிட்டேன். எந்த வீட்லயும் செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னுடுவாங்க. அப்பா போட்டோவ அலமாரிக்குள்ள சாத்தி வச்சிருக்கேன். திறந்தா விழும்." குரல் உயரவில்லை. "இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? உங்களுக்குத் தூக்கம் வரலன்னா?"

"ஆமா. அதுவும்தான்."

"அதுவும்தான்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். சிரிப்பதுபோல் ஏதோ ஒன்று வந்து போயிற்று. பிறகு சாவியைத் திருப்பினாள். "வண்டிய எடுங்க. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

"வேணாம்மா."

"க்ளாஸ் எடுத்துட்டுத்தான் விடுவேன். க்ளட்ச்ச மிதிங்க. முழுசா."

டேப்பக்கா ஓட்டினார். பக்கத்திலிருந்து அதே குரல், இடது, வலது, மெதுவா, கண்ணாடியப் பாருங்க என்று சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு திருப்பத்தில் மட்டும் அந்தக் குரல் நின்றுபோனது. வண்டி நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியது. இறங்கும்போது தங்கை, "எழுதிக் குடுங்க. எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாயால சொன்னது போதாது" என்றாள்.

அன்று பகலிலேயே எழுதினார். தன்னுடைய பிழை இன்னது, அதனால் மாறிய முடிவு இன்னது, அன்று அந்த மனையைப் பிரித்திருக்க முடியும் என்று மூன்று பக்கம். நான்கு நகல். ஒன்று தங்கைக்கு, ஒன்று மருந்துக்கடைக்காரர் மகனுக்கு, ஒன்று உரிமம் கொடுத்த வாரியத்துக்கு. நான்காவதைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போனார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடியில் தன் முகமே தெரிய, டேப்பக்காவுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. அவர் மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"அன்னிக்கு அது பக்கத்து வீட்டுக்காரங்களோடதுன்னு நான் சொன்னதாவே வச்சுக்குங்க. நீங்க ஏன் எழுதினீங்க? தனக்குப் பவர் எவ்வளவுன்னு கடைக்கு வர்றவரு சொல்றத வச்சா நான் லென்ஸ் போடறேன்? சோதிச்சுப் பாக்கத்தானே நான் இருக்கேன்?"

"அது என் தப்புதான். அதைத்தான் எழுதியிருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சுதா தெரியலையாங்கறத எழுதல. அது எனக்குத் தெரியாது."

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு லென்ஸை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "அப்பாகிட்ட அந்தத் தகரக் கதவுக்குச் சாவி இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. யாரோட சந்துன்னு நான் கேட்டதே இல்ல." லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அப்பா போனப்பறம் கேக்கணும்னு தோணுச்சு. கேக்காம இருந்துட்டேன்."

"பாக்கறேன்" என்று மட்டும் சொல்லி, மூன்று பக்கத்தையும் மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வாரியம் மட்டும் உடனே நடவடிக்கை எடுத்தது. டேப்பக்காவைக் கூப்பிட்டு விசாரித்தது. அவரே ஒப்புக்கொண்டதால் விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்தது. உரிமம் ஆறு மாதத்துக்கு நிறுத்தம். செய்தி வக்கீல் ஆபீஸ்களுக்குப் போயிற்று. போன் அடிப்பது நின்றது.

விஷயத்தை அசைத்தது கடைசியில் மருந்துக்கடைக்காரர் மகன்தான். அவருக்கு வீடு விற்றாக வேண்டும். வாங்க வந்தவர், சந்து யாருடையது என்று எழுத்தில் கேட்டார். அது மஞ்சள் வீட்டுக்குரியது என்று கண்ணாடிக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் எல்லை தெளிவாகும். போட்டால், ஒன்பது வருடத்துக்கு முன்னால் பின்பகுதிக்கு வழி இருந்தது என்று அவரே எழுதிக் கொடுத்தமாதிரி. பத்து நாள் இழுத்தடித்தார். கடை மூடியிருக்கிறது, வெளியூர் போயிருக்கிறார், கண்ணில் வலி என்று ஏதேதோ சொன்னார். பதினோராம் நாள் தங்கைக்குத் தானே போன் செய்தார்.

போனில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது டேப்பக்காவுக்குத் தெரியாது. பிறகு சந்தில் நடந்ததைப் பார்த்தது மருந்துக்கடைக்காரர் மகன். அவர் சொன்னதுதான்: "ரெண்டு பேரும் காலைல வந்தாங்க. சாவி எதுவும் சேரல. அண்ணன் ரம்பத்த எடுத்துப் பூட்ட அறுத்தாரு. தங்கச்சி பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. கொஞ்ச நேரத்துல, 'குடு, நீ அறுக்கறது ஆகாது'ன்னு வாங்கி அவங்களே அறுத்தாங்க. அப்பறம் எங்க மரச்சட்டத்தையெல்லாம் ரெண்டு பேருமாத் தூக்கி என் தோட்டத்துல போட்டாங்க. ஒரு வார்த்தை பேசிக்கல. மத்தியானம் கிளம்பறப்போ, 'வேர்வையத் துடை, சளி பிடிக்கப்போவுது'ன்னு அண்ணன் சொன்னாரு. அவ்வளவுதான்."

கொல்லையின் பின்பாதியும் சந்தும் தங்கையின் பெயருக்கு மாறின. அன்று பங்குக்கு வாங்கியதில் ஒரு பகுதியை அவள் தவணையில் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. அண்ணன் மனைவி இன்றைக்கும் டேப்பக்காவைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போகிறார். அதில் தவறு சொல்வதற்கு இல்லை.

தங்கை அங்கே வீடு கட்டவில்லை. பதிவு முடிந்த பிறகு டேப்பக்காவை அவளே போனில் கூப்பிட்டாள். கட்டிய பணத்துக்கு இன்னும் பதினோரு க்ளாஸ் பாக்கி இருக்கிறது, வந்து முடியுங்கள் என்றாள். டேப்பக்கா போனார். காரைப் பின்தெருவில் திருப்பச் சொல்லி, தகரக் கதவு இருந்த இடம் வழியே உள்ளே விடச் சொன்னாள். கொல்லையில் மண்ணைச் சமப்படுத்தி, வெள்ளைக் கோடு போட்டு, வரிசையாகக் குச்சி நட்டு வைத்திருந்தாள். வண்டியைப் பின்னால் எடுக்கவும் இடுக்கில் நிறுத்தவும் பழகும் இடம்.

"ரூம் கட்டலையா?" என்றார் டேப்பக்கா.

"அப்ப முப்பத்தாறு வயசு. அப்பா இருந்த இடத்துலயே இருக்கணும்னு தோணுச்சு. இப்ப தோணல." ஒரு குச்சியை நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அதை யாரும் திருப்பிக் குடுக்க முடியாது. நீங்களும்தான். ரிவர்ஸ் போடுங்க."

டேப்பக்கா முதல் குச்சியைச் சாய்த்தார். இரண்டாவதையும் சாய்த்தார். அவர்கள் தோழிகள் ஆகிவிடவில்லை. பதினோரு க்ளாஸும் முடிந்த அன்று தங்கை கைகுலுக்கி, "டெஸ்ட்டுக்கு நாள் சொல்றேன்" என்றாள், எல்லா மாணவர்களிடமும் சொல்வதுபோல.

வேலை இல்லாத அந்த ஆறு மாதம் டேப்பக்காவுக்குப் பெரும்பாடு. அதிகாலையில் எழுந்து உடுத்திக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். பக்கத்து வீட்டு மதில் சாய்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கலவரப்படுத்தினார். நான்காம் வாரம் ஒரு நாள் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி, கோப்புகளை ஒவ்வொரு கட்டாகக் கீழே இறக்கினார். கணவர் ஒவ்வொன்றாக வாங்கிக் கீழே அடுக்கினார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து நின்றதை டேப்பக்கா அதுவரை பார்த்ததில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். மடித்த தாள் ஒவ்வொன்றையும் பிரித்தார். எழுதிய வரி ஒவ்வொன்றையும் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தார். காலையில் மூன்று, பிற்பகலில் மூன்று. கணவர் வாசிக்க, அவர் விரல் வைத்துச் சரிபார்த்தார். இரண்டு இடத்தில் சின்னப் பிழை. ஒரு வீட்டில் கிணற்றை விட்டுவிட்டிருந்தார். தேடிக்கொண்டு போய்ச் சொன்னபோது, "அதத் தூர்த்து அது மேலதான் கார் நிறுத்தறோம்" என்று அந்தக் குடும்பமே சிரித்தது. இன்னொரு வீட்டில் மாடிப்படியை இருமுறை கணக்கில் சேர்த்திருந்தார். அந்த வீட்டு மூத்த மகள் திருத்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, காரணம் சொல்லாமல் அவர் எதிரிலேயே கிழித்துப் போட்டாள்.

மூன்றாவது பிழை பெரியது, பதினாறு வருடத்துக்கு முந்தைய கோப்பில். ஒரு தையல் மெஷின் கடைக்காரரின் வீடு. நான்கு மகன்கள். மேற்குச் சுவர் பக்கத்து வீட்டோடு பொதுவானது என்று எழுதியிருந்தார்; பத்திரப்படி சுவர் முழுக்க இந்த வீட்டுக்குரியது, அதனால் வீட்டின் மதிப்பு குறைந்துபோயிருந்தது. உரிமம் திரும்பி வந்த வாரத்தில், முதல் வேலைக்குப் போகும் முன்பே அந்த முகவரிக்குப் போனார். வீடு இருந்த இடத்தில் ஏழு மாடி நின்றது. காவலாளிக்கு எதுவும் தெரியவில்லை. தெருவில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. நான்கு மகன்களில் ஒருவர் கடல் தாண்டிப் போய்விட்டார், ஒருவர் இறந்துவிட்டார் என்று ஒரு சலவைக் கடைக்காரர் சொன்னார். மற்ற இருவரைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை.

இப்போது டேப்பக்கா பழையபடி வேலைக்குப் போகிறார். ஒரு நாளைக்கு ஒரு வீடு. போகிற தெருவிலெல்லாம் தையல் மெஷின் கடை கண்ணில் பட்டால் உள்ளே போய், அந்த நான்கு மகன்களின் அப்பாவைத் தெரியுமா என்று கேட்கிறார். இதுவரை பதினேழு கடையில் கேட்டாயிற்று. மற்றக் கோப்புகளெல்லாம் பரணுக்குப் போய்விட்டன. அது ஒன்று மட்டும் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் கிடக்கிறது. கணவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொள்கிறார்.